வைத்தியத்தைத் தமிழ் பேச வைத்த அமெரிக்க டாக்டர்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிறது கோரிமேடு. ஊரின் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஜிப்மர் ஆஸ்பத்திரி என்றால், தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் தெரியாதவர் இல்லை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, கோழி கூவும் முன்னே பஸ் ஏறி இங்கே வருகிறவர்கள் ஏராளம்.

வருகிறவர் தம் நோயைத் தம் வாயால் சொல்கிறார். நெஞ்சு கரிக்கிறது என்கிறார்; கைகால் குடைகிறது என்கிறார்; தலை கிறுகிறு என்கிறது என்கிறார். டாக்டர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறார். நோயாளி வாயிலிருந்து டாக்டர் பேனாவுக்குப் போகிற தூரம் ஒரு முழம்தான். ஆனால் அந்த ஒரு முழத்தில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுக்குப் பாலம் கட்ட முடியுமா?

இந்த ஆஸ்பத்திரியின் பூர்வீகம் பழமையானது. பிரெஞ்சு சர்க்கார் 1823-ம் வருஷம் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பாடமெல்லாம் பிரெஞ்சு மொழியில். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பின், 1956-ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964-ல் கோரிமேட்டுக்கு வந்து, ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி, பட்டமேற்படிப்பு நிலையமாக உயர்ந்தது. பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்தது. தமிழ் வாசலிலேயே நின்றது.

அதே 1823-ம் வருஷத்தில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை என்ற ஊரில் அமெரிக்கப் பாதிரிமார் ஓர் உயர்தரக் கல்விச்சாலை தொடங்கினார்கள். அங்கேயும் மேல்படிப்பு இங்கிலீஷில்தான். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் நேர்ந்தது. சுமார் இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு ஒருவர் வந்தார். அந்த ஆற்றுக்குப் பாலம் கட்டத் தொடங்கினார். அவர் தமிழர் அல்ல. தமிழ் அவருக்குத் தாய்மொழியும் அல்ல. அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம். அங்கே கிரீன் ஹில் என்ற பண்ணை வீட்டில் 1822-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி கிரீன் பிறந்தார். தகப்பனார் வக்கீல். வசதியான, பெரிய குடும்பம். உடன்பிறந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ, பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தைப் பெருநகரமாக ஒன்று சேர்த்தவர் என்று பெயர் வாங்கினார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்று சேர்க்கும் வேலைதான் விதித்திருந்தது போலும். ஒருவர் ஊர்களைச் சேர்த்தார். மற்றவர் சொற்களைச் சேர்த்தார்.

கிரீன் நியூயார்க்கில் வைத்தியம் படித்து 1845-ல் டாக்டர் ஆனார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் பணமும் புகழும் குவிந்திருக்கும். அவர் அதை வேண்டாமென்று மிஷன் ஊழியத்தை ஏற்றார். 1847-ல் கப்பலேறினார். பல மாதக் கடல் பிரயாணத்துக்குப் பிறகு, அந்த வருஷ அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபத்தைந்து.

ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் இதே 1822-ம் வருஷத்தில்தான். சமய விஷயத்தில் இருவரும் எதிரெதிர் முகாம். ஆனால் தமிழ் உரைநடை எந்தப் பொருளையும் தாங்கும் என்று காட்டியதில் இருவரும் ஒரே முகாம். நாவலர் இலக்கணத்தையும் சைவத்தையும் உரைநடையில் எழுதினார். கிரீன் எலும்பையும் நரம்பையும் எழுதினார்.

போனவர்கள் திரும்பவில்லை

1848-ல் கிரீன் மானிப்பாய் என்ற ஊரில் குடியேறி வைத்தியசாலை நடத்தலானார். வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அடிக்கடி சூறையாடிய காலம் அது. ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆகவே உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் எல்லாரையும் போல இங்கிலீஷிலேயே பாடம் நடத்தினார்.

படித்தவர்கள் கெட்டிக்காரர்களாக வந்தார்கள். ஆனால் பலர் கிராமத்தில் தங்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த வைத்தியருக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்திருந்தது. சம்பளம் நிச்சயம், மரியாதை அதிகம். பனங்காட்டுக் கிராமத்தில் உட்கார்ந்து ஏழைக்குக் கஷாயம் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நோயாளிக்காகத் தயார் செய்த வைத்தியர், நோயாளியை விட்டுப் போய்விட்டார்.

இதற்குக் காரணம் என்ன என்று கிரீன் யோசித்தார். படிப்பின் மொழிதான் காரணம் என்று கண்டார். தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே தங்குவான். நோயாளியோடு அவன் மொழியில் பேசுவான். தான் கற்றதை அண்டை வீட்டானுக்கும் சொல்வான். இது அவருடைய தீர்மானம். மாணாக்கர்கள் தொப்பியும் கால்சட்டையும் போட்டு வெள்ளைக்காரரைப் போல ஆவதும் அவருக்குப் பிடிக்காது. தமிழர் தமிழராகவே இருந்து வைத்தியம் கற்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

தீர்மானம் சுலபம். நிறைவேற்றுவது? மேல்நாட்டு வைத்தியத்துக்குத் தமிழில் பாடப்புத்தகம் இல்லை. புத்தகம் எழுதலாம் என்றால் அதற்கு வேண்டிய சொற்கள் இல்லை.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்

சொல் இல்லை என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. தமிழில் வைத்தியச் சொற்கள் நிறையவே இருந்தன. சித்த வைத்தியச் சுவடிகளில் ஒரு சொல். கிராமத்துப் பாட்டி வாயில் ஒரு சொல். சமஸ்கிருத நூல்களிலிருந்து வந்தது ஒரு சொல். இல்லாதது உடன்பாடு. ஒரே சொல் மூன்று உறுப்பைக் குறிக்கும். ஒரே உறுப்புக்கு மூன்று சொல் இருக்கும். கதை சொல்லும்போது இது அழகு. கத்தியை எடுக்கும்போது இது ஆபத்து. மருந்தின் பெயரை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டால் நோயாளியின் கதி என்ன?

மேல்நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. பிரான்ஸில் லவாய்ஸியர் முதலிய நான்கு ரசாயன நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, 1787-ல்தான் ரசாயனப் பொருள்களுக்கு ஒழுங்கான பெயர் முறையை வெளியிட்டார்கள். அதுவரை ஒரே உப்புக்குப் பல பெயர். உடற்கூறு சாஸ்திரத்தின் நிலைமையோ இன்னும் மோசம். சுமார் ஐயாயிரம் உடற்பகுதிகளுக்கு ஐம்பதாயிரம் பெயர்கள் வழங்கினவாம். ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரில் 1895-ல் நிபுணர்கள் கூடித்தான் ஒரு பொதுப் பட்டியல் செய்தார்கள். அதாவது கிரீன் மானிப்பாயில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பிய நிபுணர்களே தங்களுக்குள் ஒன்றுபடவில்லை!

கிரீன் என்ன செய்தார்? முதலில் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். தமிழில் ஏற்ற சொல் இருந்தால் அதையே எடுப்பது. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்திலிருந்து எடுப்பது. அங்கேயும் கிடைக்காவிட்டால் மேல்நாட்டுச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் நாக்குக்கு ஏற்றபடி எழுதுவது. எளிய விதிதான். ஆனால் விதி முன்னால் இருந்ததால், ஒவ்வொரு சொல்லுக்கும் புதிதாகச் சண்டை போட வேண்டியதில்லை.

விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு அவருடைய புத்தகப் பெயர்களே சாட்சி. அறுவை வைத்தியத்துக்கு இரண வைத்தியம் என்று வைத்தார். இரணம் என்றால் புண் என்று பாமரனுக்கும் தெரியும். உடலின் அமைப்பைச் சொல்லும் சாஸ்திரத்துக்கு அங்காதிபாதம் என்றும், உடல் வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் சாஸ்திரத்துக்குச் சுகரணம் என்றும் பெயர். இவை வடமொழி வழி வந்தவை. ரசாயன நூலுக்கோ கெமிஸ்தம் என்றே பெயரிட்டார். இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் வேஷ்டி கட்டிவிட்டார்!

படிக்க நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கிரீனின் மாணாக்கர் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லையே படித்தார்கள், அதையே பேசினார்கள், அதையே எழுதினார்கள். சொல்லின் அழகு முக்கியம்தான். அதைவிட முக்கியம், எல்லாரும் அதே சொல்லைச் சொல்வது.

நாலாயிரம் பக்கங்கள்

இந்த வேலையைக் கிரீன் தனியாகச் செய்யவில்லை. அவரிடம் படித்துத் தேர்ந்த தமிழ் வைத்தியர்களே அவருக்கு வலக்கை. டான்வதர், சாப்மன், வில்லியம் போல் என்ற பெயர்களைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். பள்ளிக்குப் பண உதவி செய்த அமெரிக்க உபகாரிகளின் பெயரை மாணாக்கருக்கு இடுவது மிஷன் வழக்கம். மாணாக்கர் மொழிபெயர்ப்பார், கிரீன் திருத்துவார், அந்தச் சொல் வகுப்பில் புழங்கும், புழங்கியது அச்சேறும்.

1857-ல் உடற்கூறு, சுகாதாரம் பற்றிய கட்டர் என்பாரின் நூலும், பிரசவ வைத்திய நூலும் தமிழில் வெளிவந்தன. இடையே உடல் நலம் குன்றி கிரீன் அமெரிக்கா திரும்ப நேர்ந்தது. அங்கே 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற மாதரசியை மணந்து, அதே வருஷம் மனைவியோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதே 1862-ல்தான் சென்னையில் வின்ஸ்லோ பாதிரியாரின் பெரிய தமிழ் - இங்கிலீஷ் அகராதியும் வெளிவந்தது. சொல் தேடுகிறவருக்கு அது ஒரு சுரங்கம்.

1864 முதல் கிரீன் வைத்தியத்தை முழுக்க முழுக்கத் தமிழிலேயே போதிக்கலானார். 1867-ல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872-ல் கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூறு நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழ் பேசிற்று. அதே வருஷம் வைத்தியாகரம் என்ற பெரு நூல். 1875-ல் கெமிஸ்தம். இவற்றோடு இங்கிலீஷ் சொல்லும் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லும் அடங்கிய அகராதிப் பட்டியல்களையும் தனித்தனியே அச்சிட்டார். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும்.

பட்டியலைத் தனியே அச்சிட்டதில்தான் கிரீனின் தொலைநோக்கு தெரிகிறது. அடுத்து எழுதுகிறவன் புதுச் சொல் தேடி அலைய வேண்டாம். இதை எடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். தம் சொல்லைத் தம் சொத்தாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பொதுக் கிணறாக விட்டுவிட்டார்.

அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் சுமார் பாதிப் பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

ஏன் நிலைக்கவில்லை?

1873-ல் கிரீன் உடல் தளர்ந்து தாய்நாடு திரும்பினார். ஆனால் தமிழ் அவரை விடவில்லை. வூஸ்டரில் பிறந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் தபாலில் வரும் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி அனுப்பினார். பனி கொட்டும் ஊரில், பனைமர நாட்டின் மொழியில் நரம்புக்கும் நாடிக்கும் பெயர் தேடிக்கொண்டிருந்தார். 1884-ம் வருஷம் மே 28-ந் தேதி காலமானார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்ற அளவிலேயே தம் கல்லறைக் கல்லில் குறித்தால் போதும் என்பது அவர் விருப்பம். அப்படியே குறிக்கப்பட்டது.

அவர் நட்ட பயிர் என்ன ஆயிற்று? வருத்தத்துடன்தான் சொல்ல வேண்டும். 1870-ல் கொழும்பில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. பாடம் இங்கிலீஷில். அங்கே படித்தவருக்கே உத்தியோகம். கிரீனுக்குப் பிறகு சில வருஷங்களில் தமிழ் வைத்திய வகுப்பு நின்றது. வகுப்பு நின்றதும் புத்தகம் வாங்குவார் இல்லை. புத்தகம் போனதும் சொல்லும் போயிற்று.

கிரீனின் சொற்கள் தோற்றதற்கு அவை கடினம் என்பது காரணம் அல்ல. சோற்றுக்கு வழிகாட்டாத சொல் எவ்வளவு இனித்தாலும் நிற்காது. விதி, பட்டியல், புத்தகம், வகுப்பு, வேலை ஆகிய ஐந்தும் ஒரே வண்டியின் உறுப்புகள். முதல் நான்கையும் கிரீன் செய்து வைத்தார். ஐந்தாவது அவர் கையில் இல்லை.

மறுபடி மறுபடி முதலிலிருந்து

அதன் பின் வந்த கதை நமக்குப் பாடம். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் அமைக்க ஒரு சங்கம் கண்டார்கள். அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரும் சாஸ்திரங்களைத் தமிழில் கொண்டுவருவது பற்றி எழுதினார். பின்னர் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிஞர்களைக் கூட்டி, 1938-ல் ஒரு பெரிய கலைச்சொல் தொகுதி வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் அருமையான முயற்சி. ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் பழைய கிணற்றைத் தூர் வாராமல் புதுக் கிணறு தோண்டிற்று.

பலன்? பாக் ஜலசந்திக்கு இந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளை இயற்பியல், வேதியியல் படிக்கிறான். அந்தப் பக்கம் அதே பாடங்களின் பெயர் பௌதிகவியல், இரசாயனவியல். ஒரே மொழி, ஒரே சாஸ்திரம், இரண்டு பெயர். கிரீனின் சுகரணமோ இரண்டு கரையிலும் இல்லை.

வைத்தியத்துக்கு வந்த இந்த வம்பு கம்ப்யூட்டருக்கும் வந்தது. கணிப்பொறி என்றார் ஒருவர். கணினி என்றார் ஒருவர். இலங்கையில் கணனி என்று எழுதினார் ஒருவர். மனிதன் படித்தால் மூன்றும் ஒன்று என்று ஊகித்துக்கொள்வான். யந்திரம் ஊகிக்குமா? ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு வேறு சொல்தான். கணினி என்று தேடுகிறவருக்கு, கணனி என்று எழுதி வைத்தவரின் கட்டுரை கண்ணில் படாமலே போகலாம்.

சொல் மட்டுமா? எழுத்தே அந்தக் கதியில் இருந்தது. 1990-களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி தமிழ் எழுத்துக்களுக்கு எண் கொடுத்தது. விசைப்பலகையையும் தன் இஷ்டப்படி அடுக்கியது. ஒரு யந்திரத்தில் அடித்த கடிதத்தை மற்றொன்றில் திறந்தால், பேய் கிறுக்கியது போல இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்ற மாநாடு கூடிற்று. பல நாட்டுத் தமிழ் நிபுணர்கள் ஒன்றாய் உட்கார்ந்து பேசினார்கள். அதன் பயனாக வந்ததுதான் தமிழ் 99 என்ற விசைப்பலகை. அதே வருஷம் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. அதைவிட நல்ல அடுக்கு வேறு இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. வாதம் இருக்கட்டும். கூடி ஒப்புக்கொண்டதுதான் அதன் பலம்.

உலக அளவிலும் அப்படியே. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் கம்ப்யூட்டர் துறைச் சொற்களுக்கென்றே ஒரு தனித் தர நூல் வைத்திருக்கிறது. யந்திரம் செய்கிறவனும், விற்கிறவனும், வாங்குகிறவனும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

கிரீன் விட்டுச்சென்றது

மானிப்பாயில் கிரீன் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவருடைய நூல்களைப் பழைய நூலகங்களில் காணலாம். அவற்றிலுள்ள பல சொற்கள் இன்று யாருக்கும் வேண்டாம். உடற்கூறு, அறுவை சிகிச்சை என்ற சொற்களை நம் மக்கள் ஏற்றுவிட்டார்கள். அவற்றை மாற்ற வேண்டியதும் இல்லை.

வேண்டியது அவருடைய முறை. முதலில் விதி, பிறகு சொல். சொன்னதை எழுதி வைத்துப் பொதுவில் விடுவது. தனக்குப் பிடித்த சொல்லைவிட, பத்துப் பேர் ஒப்புக்கொண்ட சொல்லுக்குத் தலை வணங்குவது. அந்தச் சொல்லை வகுப்பிலும் தொழிலிலும் புழங்க விடுவது. கம்ப்யூட்டருக்குச் சொல் செய்கிறவர்களுக்கும் இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

புதுச் சொல் செய்ய நம்மிடம் ஆள் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. சந்தைக்குப் பத்துப் பேர் பத்துப் படி கொண்டுவந்தால் அளவைதான் தகராறு ஆகும். எல்லாரும் ஒரே படியால் அளந்தால்தான் வியாபாரம் நடக்கும். கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற கிழவிக்குத் தன் நோயின் பெயர் தன் மொழியில் தெரிய வேண்டுமானால், அந்தப் பெயர் டாக்டரிடமும், மருந்துக் கடையிலும், மருந்துச் சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டரிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதை வூஸ்டரிலிருந்து வந்த ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டுப் போனார்.